பாகூர் பஸ் தமிழ்நாட்டுக்குள் போய்ட்டு வருவது எப்படி? அந்த 16 கி.மீ. விதி தெரியுமா?

புதுச்சேரி பஸ் நிலையத்தில் ஏறி, கடலூர் சாலை வழியாகப் பாகூரில் போய் இறங்குபவர், நடுவில் ஒருமுறை தமிழ்நாட்டுக்குப் போய்விட்டுத் திரும்புகிறார். டிக்கெட் ஒன்றுதான். பஸ் மாறத் தேவையில்லை, யாரும் நிறுத்திக் கேட்பதும் இல்லை. ஜன்னலோரம் தூங்கிக்கொண்டு வருபவருக்கு எல்லை வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

மொத்தம் சுமார் 20 கிலோமீட்டர். இவ்வளவு சின்ன வழித்தடத்துக்கு இரண்டு மாநில விவகாரமா என்று கேட்டால், ஆமாம். அதற்குச் சட்டத்தில் தனியாக ஒரு வரியே இருக்கிறது. முதலில் பஸ் போகிற வழியைப் பார்த்துவிடலாம்.

எங்கே தொடங்கி, எங்கே முடிகிறது?

மறைமலையடிகள் சாலையில் இருக்கும் பஸ் நிலையத்திலிருந்து கிளம்பி, வெங்கடசுப்பா ரெட்டியார் சிலை அருகே கடலூர் சாலைக்குத் திரும்பினால் முதல் சோதனை ஏ.எஃப்.டி. ரயில்வே கேட். ரயில் வரும் நேரமாக இருந்தால் இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார வேண்டியதுதான். ஒருகாலத்தில் ஷிஃப்ட் நேரத்துக்கு இந்த இடத்தில் பஸ்கள் நிரம்பி வழியும். இப்போது மில்லும் இல்லை, ஷிஃப்டும் இல்லை.

முதலியார்பேட்டை, நயினார்மண்டபம், முருங்கப்பாக்கம் வரை இது நகர பஸ்தான். ஏறுவதும் இறங்குவதும் நூறு அடிக்கு ஒருமுறை நடக்கும். அடுத்தடுத்து இரண்டு பாலங்கள் வருகின்றன. முதலாவது அரியாங்குப்பம் ஆறு, இரண்டாவது சுண்ணாம்பாறு. இரண்டுமே சங்கராபரணி கடலை நெருங்கும்போது பிரிகிற கிளைகள். அரியாங்குப்பத்தில் கிழக்கே திரும்பினால் அரிக்கமேடு. 1945-இல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமானிய வணிகத்தின் தடயங்களை உலகத்துக்குக் காட்டிய இடம். பஸ் அங்கே திரும்பாது, நேராகப் போகும். நோணாங்குப்பத்தில் படகு இல்லத்துக்குப் போகும் சுற்றுலாக் கூட்டம் இறங்கிவிட்டால் பஸ்ஸில் மிஞ்சுவது ஊர்க்காரர்கள் மட்டும்தான்.

தவளக்குப்பம் தாண்டியதும் ரெட்டிச்சாவடி. இது கடலூர் மாவட்டம். கடைப் பலகையில் மாவட்டத்தின் பெயர் மாறுகிறது, நிற்கிற வண்டிகளில் டி.என்.31 கூடுகிறது, காவல் நிலையம் தமிழ்நாட்டுடையது. இங்கே ஒரு விபத்து நடந்தால் வழக்கு கடலூர் மாவட்டத்தில்தான் பதிவாகும். சில கிலோமீட்டர்தான். கிருமாம்பாக்கம் வந்தால் மறுபடியும் புதுச்சேரி, அதிலும் பாகூர் கொம்யூன். கன்னியக்கோவிலில் நெடுஞ்சாலையை விட்டு மேற்கே திரும்பியதும் வயல் தொடங்கிவிடுகிறது. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பாகூரைச் சொல்வது வெறும் மேடைப் பேச்சு கிடையாது என்பது அங்கே புரியும்.

ஏன் இப்படி துண்டு துண்டா?

புதுச்சேரி மாவட்டம் 11 துண்டுகளாகத் தமிழ்நாட்டுக்குள் சிதறிக் கிடக்கிறது. இதற்குக் காரணம் நிலத்தில் இல்லை, பழைய காகிதத்தில் இருக்கிறது. 18-ஆம் நூற்றாண்டில் ஊர்கள் கைமாறியது வரி வசூலிக்கும் உரிமையாகத்தான். எந்தக் கிராமத்தின் வரி யாருக்கு என்பதே கேள்வி. அந்தக் கிராமங்கள் ஒட்டி இருக்கின்றனவா என்று யாரும் பார்க்கவில்லை.

பிரிட்டனும் பிரான்சும் 1783-இல் வெர்சாயில் போட்ட உடன்படிக்கையில், புதுச்சேரியைச் சுற்றிய சார்புப் பகுதிகளாக இரண்டு பெயர்கள் வருகின்றன. ஒன்று 'வலனூர்', அதாவது நம்ம வில்லியனூர். இன்னொன்று பாகூர். பாரிசுக்குப் பக்கத்து ஊரில் எழுதிய அந்த வரி, பாகூர் பஸ்ஸின் வழித்தடத்தை இன்றும் தீர்மானிக்கிறது. 1954 நவம்பர் 1-இல் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது, 1962 ஆகஸ்ட் 16-இல் சட்டப்படி இணைப்பு முடிந்தது. கொடி மாறினாலும் கோடுகள் அப்படியே இருந்துவிட்டன.

இந்தியா-வங்கதேச எல்லையில் இப்படிச் சிதறிக் கிடந்த 162 துண்டுகளை 2015-இல் இரு நாடுகளும் பரிமாறிக்கொண்டன. அங்கே வாழ்ந்தவர்கள் சந்தைக்குப் போகக்கூட அந்நிய மண்ணை மிதிக்க வேண்டியிருந்தது. இங்கே அந்த அவதி இல்லை. நடுவில் வருவது அதே நாட்டின் இன்னொரு மாநிலம், அவ்வளவுதான். ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் கண்ணுக்கு அதுவும் எல்லைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 88-வது பிரிவுப்படி, ஒரு மாநிலத்தில் கொடுத்த பெர்மிட் இன்னொரு மாநிலத்தில் செல்லாது. அந்த மாநிலப் போக்குவரத்து ஆணையமும் மேலொப்பம் போட வேண்டும். யூனியன் பிரதேசமும் இதில் 'மாநிலம்'தான். அப்படிப் பார்த்தால் ரெட்டிச்சாவடியைத் தொடுகிற ஒவ்வொரு பாகூர் பஸ்ஸும் சென்னையின் தயவை நாட வேண்டும்.

அந்தச் சிக்கலுக்கு அதே பிரிவில் ஒரு விலக்கு இருக்கிறது. பஸ் கிளம்பும் இடமும் போய்ச் சேரும் இடமும் ஒரே மாநிலத்தில் இருந்து, நடுவில் வேறு மாநிலத்தில் ஓடும் தூரம் 16 கிலோமீட்டருக்கு மேல் போகாவிட்டால், மேலொப்பம் இல்லாமலே பெர்மிட் அங்கேயும் செல்லும். புதுச்சேரியில் தொடங்கி பாகூரில் முடிகிற பஸ் இந்த விலக்கில்தான் ஓடுகிறது.

சரி, அதே சாலையில் முன்னால் போகிற கடலூர் பஸ்? அதற்கு இந்தச் சலுகை இல்லை. அது முடிகிற இடம் தமிழ்நாடு. இரண்டு அரசும் ஒப்பந்தம் போட்டு, எத்தனை பெர்மிட் என்று பேசி, மேலொப்பம் வாங்கித்தான் ஓட்ட முடியும். ஒரே நிறுத்தத்தில் அடுத்தடுத்து வந்து நிற்கும் இரண்டு பஸ்கள், சட்டப்படி இரண்டு வேறு வகை.

கட்டணத்திலும் இதே கதை. தமிழ்நாட்டில் 2021 மே முதல் பெண்களுக்கு இருக்கும் இலவசப் பயணம், அந்த மாநில அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் சாதாரணக் கட்டண நகர பஸ்களுக்கு மட்டும் உரியது. ரெட்டிச்சாவடியில் நிற்கும் பெண், தமிழ்நாட்டு மண்ணிலேயே நின்றாலும், வந்து நிற்பது புதுச்சேரி தனியார் பஸ் என்றால் காசு கொடுத்துத்தான் ஏற வேண்டும்.

எல்லையை விடப் பெரிய பிரச்சினை

16 கி.மீ. விதி பஸ்ஸைப் பாகூர் வரை கொண்டுவந்து விடுகிறது. அது எத்தனை மணிக்கு வரும், ராத்திரி கடைசி ட்ரிப் உண்டா என்பதற்கு அந்த விதியில் பதில் இல்லை. நகரத்தில் துணிக்கடையில் நிற்கிறவருக்கும், மாலை வகுப்பு முடித்து வருகிற பிள்ளைக்கும் அதுதான் கேள்வி.

வில்லியனூருக்கு இந்தக் கவலை குறைவு. விழுப்புரம் போகும் பஸ் எல்லாம் அந்த வழிதான், போதாததற்கு 1879-இல் திறந்த ரயில் பாதையும் இருக்கிறது. பாகூர் நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. கடலூர் பஸ்ஸில் வந்தால் கன்னியக்கோவிலில் இறங்கி மிச்ச தூரத்துக்கு வேறு வண்டி பார்க்கணும். புதுச்சேரி கிராமப்புறத்தில் ஓடுவது பெரும்பாலும் தனியார் பஸ். கூட்டம் இல்லாத ட்ரிப்பை ஓட்டினால் முதலாளிக்கு டீசல் காசும் தேறாது. அந்தக் கணக்கு புரிகிறதுதான். ஆனால் பெர்மிட் என்பது லாபம் வரும் நேரத்துக்கு மட்டும் கொடுக்கிற சீட்டு கிடையாது.

2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது நகரில் ஒரே நாளில் 46 செ.மீ. மழை கொட்டியது. அடுத்து சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து சேர, பாகூர் பக்கத்துக் கிராமங்கள் மூழ்கின. சங்கராபரணி வெள்ளத்தில் கடலூர் சாலைப் போக்குவரத்தும் நின்றது. ஒரு சாலை அறுந்தால் பாகூரிலிருந்து நகரத்துக்குப் போவது எவ்வளவு பெரிய பாடு என்று அந்த நாட்களில் எல்லோருக்கும் தெரிந்தது.

யாரிடம் கேட்பது?

பக்கத்தில் ரெட்டிச்சாவடிக்காரரால் 2025 ஜனவரியில் பதவிக்காலம் முடியும் வரை ஊராட்சித் தலைவரைப் பிடித்துக் கேட்க முடிந்தது. பாகூர் கொம்யூன் பஞ்சாயத்தில் அப்படிப் பிடிக்க ஆள் இல்லை. புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் நடந்தது. அப்போது தேர்வானவர்களின் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை, அதிகாரிகள்தான் நிர்வாகம். எம்.எல்.ஏ. வீட்டு வாசலை விட்டால் நேராகப் போக்குவரத்துத் துறைதான்.

துறையிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. சட்டத்தின் 72-வது பிரிவு, பெர்மிட் கொடுக்கும்போது ஒரு நாளைக்குக் குறைந்தது எத்தனை ட்ரிப், அதிகபட்சம் எத்தனை என்று நிபந்தனை போட அதிகாரம் தருகிறது. அங்கீகரித்த கால அட்டவணையை பஸ்ஸிலும் குறிப்பிட்ட நிறுத்தங்களிலும் ஒட்ட வேண்டும் என்றும் நிபந்தனை போடலாம். நிபந்தனையை மீறினால் விளக்கம் கேட்டு, பெர்மிட்டை நிறுத்திவைக்கவோ ரத்து செய்யவோ 86-வது பிரிவு வழி செய்கிறது.

ஆகவே "பஸ் விடுங்க" என்று பொதுவாக மனு எழுதுவதை விட, பாகூர் வழித்தடத்தில் எத்தனை பெர்மிட், ஒவ்வொன்றுக்கும் அங்கீகரித்த நேரம் என்ன, கடைசி ட்ரிப் எத்தனை மணிக்கு, என்னென்ன நிபந்தனைகள் என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்பது பலன் தரும். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் வர வேண்டும். பதிலில் இருக்கும் நேரத்துக்கு பஸ் வரவில்லை என்றால், தேதி, நேரம் போட்டு எழுதும் புகாரை ஒதுக்கித் தள்ளுவது கஷ்டம்.

பஸ் கடைசியாக நிற்கும் ஊரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 9-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில், பாகூரில் இருந்த ஒரு வித்யாஸ்தானத்தின் செலவுக்காக மூன்று கிராமங்கள் கொடுக்கப்பட்டதைப் பாகூர் செப்பேடு சொல்கிறது. அன்று படிப்பதற்கு இந்த ஊரே இடமாக இருந்தது. இன்று காலையில் மூலநாதர் கோயில் பக்கம் பையோடு நிற்கும் பிள்ளைகள் பலர் எதிர்ப்பக்க பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறார்கள். எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டால் "இப்போ வந்துடும்" என்பதுதான் பதில். அங்கே ஒட்டியிருக்க வேண்டிய அட்டவணையைப் பற்றி இனி அவர்களும் கேட்கலாம்.