வெள்ளீயத் துளிகளின் ஊர்

ஒரு விநாடிக்குள் ஐம்பதாயிரம் துளிகள். உருக்கிய வெள்ளீயத்தின் துளிகள், ஒவ்வொன்றும் தலைமுடியைவிட மெல்லியது. வெற்றிடத்தில் பாய்ந்துவரும் துளியை லேசரின் முதல் அடி தட்டையாக்கும். அடுத்த அடி ஆவியாக்கிவிடும். சூரியனின் மேற்பரப்பைவிடப் பல மடங்கு சூடான அந்தப் பிளாஸ்மாவிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று பிறக்கிறது. அலைநீளம் வெறும் 13.5 நானோமீட்டர். விலை உயர்ந்த புதிய கைப்பேசி உங்களிடம் இருந்தால், அதன் சில்லில் உள்ள மிக நுண்ணிய கோடுகள் இந்த ஒளியால் வரையப்பட்டவையாகத்தான் இருக்கும்.

இப்படி வரையும் எந்திரத்தை வணிக அளவில் செய்து விற்கும் நிறுவனம் உலகிலேயே ஒன்றுதான்: ஏஎஸ்எம்எல். அதன் தலைமையகம் நெதர்லாந்தின் தெற்கே, ஐந்தோவன் நகரை ஒட்டிய வெல்தோவனில் இருக்கிறது. ஏன் அங்கே?

இந்த ஒளிக்கு ஒரு பொல்லாத குணம். காற்று அதை விழுங்கிவிடும், கண்ணாடி வில்லையும் விழுங்கிவிடும். ஆகவே எந்திரத்துக்குள் வெற்றிடம். வில்லைகளுக்குப் பதில் ஆடிகள். அந்த ஆடிகள் ஜெர்மனியின் சைஸ் நிறுவனத்தில் இழைக்கப்படுகின்றன. ஓர் ஆடியை ஜெர்மனி நாட்டின் அளவுக்குப் பெரிதாக்கிப் பார்த்தாலும், அதில் உள்ள மேடு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டாதாம். லேசரும் ஜெர்மனியிலிருந்தே வருகிறது, டிரம்ப்ஃப் நிறுவனத்திடமிருந்து. இவற்றையெல்லாம் தாங்கும் சட்டங்கள், நகர்த்திகள், நுண்பாகங்கள் எனப் பலவற்றைச் செய்பவர்கள் ஐந்தோவனைச் சுற்றியே இருக்கிறார்கள். ஒரு பாகம் பொருந்தாவிட்டால் கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டாம். நேரில் போய்ப் பேசிவிடலாம்.

இந்தக் கைத்திறன் நேற்று வந்ததல்ல. மின்விளக்கு செய்வதற்காக 1891-இல் ஐந்தோவனில் தொடங்கப்பட்ட பிலிப்ஸ், 1914-இல் நாட்லாப் என்ற ஆய்வுக்கூடத்தை நிறுவியது. குறுந்தட்டை சோனியுடன் சேர்ந்து உருவாக்கிய பிலிப்ஸ் இதுதான். அந்த ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஹெண்ட்ரிக் காசிமிர், கூழ்மத் துகள்களுக்கிடையேயான விசையை ஆராயப்போய், வெற்றிடத்தில் நெருங்கி நிற்கும் இரண்டு உலோகத் தகடுகள் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று 1948-இல் கணித்தார். நிறுவனச் சம்பளத்தில் இருந்துகொண்டு வெற்றிடத்தைப் பற்றி யோசிக்க அங்கே இடம் இருந்தது.

பிறகு அடி விழுந்தது. 1990-களின் தொடக்கத்தில் பிலிப்ஸ் பெரும் நட்டத்தில் சிக்கி ஆயிரக்கணக்கானோரை வெளியே அனுப்பியது. 1993-இல் லாரி தயாரிக்கும் டாஃப் திவாலானது. ஒரே ஊரின் இரண்டு தூண்களும் ஆடின. 1984-இல் பிலிப்ஸும் ஏஎஸ்எம் இன்டர்நேஷனலும் கூட்டாகத் தொடங்கிய ஏஎஸ்எம்எல் அப்போது இன்னும் சிறுபிள்ளைதான்.

ஊரை நிமிர்த்தியதில் ஒரு முடிவுக்குப் பெரிய பங்கு உண்டு என்பது என் கணிப்பு. தனக்கு மட்டுமென்று பொத்திவைத்த ஆய்வு வளாகத்தின் கதவை 2003-இல் பிலிப்ஸ் மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. இன்று ஹைடெக் கேம்பஸ் என்று அழைக்கப்படும் அந்த வளாகத்தில் உணவகங்களும் கூட்ட அறைகளும் நடுவில் ஓரிடத்தில் குவிந்திருக்கின்றன. போட்டி நிறுவனங்களின் ஆட்கள்கூட மதியச் சாப்பாட்டுக்கு ஒரே இடத்துக்குத்தான் வந்தாக வேண்டும். விலை மிகுந்த சுத்த அறைகளையும் அளவைக் கருவிகளையும் சிறு நிறுவனங்கள் சொந்தமாக வாங்க வேண்டியதில்லை, பகிர்ந்துகொள்ளலாம்.

மலிவான நிலத்தையும் வரிச்சலுகையையும் எந்த அரசும் அறிவித்துவிடலாம். ஐந்தோவனுக்குத் தொழில்முனைவோரை இழுப்பது அக்கம்பக்கம்தான். அந்த அக்கம்பக்கமே இப்போது நெருக்கடியாகிவிட்டது: வீடு கிடைப்பதில்லை, சாலைகள் நிரம்பி வழிகின்றன, மின்கட்டமைப்பும் திணறுகிறது. ஏஎஸ்எம்எல் வேறு நாட்டில் விரிவடைந்துவிடுமோ என்று அஞ்சிய நெதர்லாந்து அரசு, வீடு, போக்குவரத்து, மின்சாரம், தொழில்நுட்பக் கல்வி ஆகியவற்றுக்காக 2024 மார்ச்சில் 250 கோடி யூரோ திட்டத்தை அறிவித்தது.