டயர் மேல் உட்கார்ந்த மகள்

ஹெரால்ட் காரின் பானெட்டைத் தூக்கினால் இரண்டு பக்க மட்கார்டும் சேர்ந்தே முன்பக்கம் கவிழ்ந்துகொள்ளும். இன்ஜின் வெட்டவெளியில் நிற்கும். முன் டயர் மேலேயே சவுகரியமாக உட்கார்ந்து வேலை பார்க்கலாம். நான் போனபோது அந்த டயர் மேல் ஒன்பதாம் வகுப்பு முடித்த பெண் உட்கார்ந்திருந்தாள். கையில் ஃபீலர் கேஜ், மடியில் பனியன் வேஸ்ட்.

"எட்டாவது முழுசா இறங்கிடுச்சுப்பா. ஒண்ணு வைக்கட்டா?"

"கூட்டிப் பாத்தியா?"

"ஒன்பது வருதுப்பா."

நாலு சிலிண்டர், எட்டு வால்வு. எந்த வால்வு முழுசாகத் திறந்திருக்கிறதோ, அதன் எண்ணை ஒன்பதிலிருந்து கழிக்க வேண்டும். மிச்சம் வருவதுதான் இப்போது டேப்பட் வைக்க வேண்டிய வால்வு. எட்டு திறந்தால் ஒன்று, ஆறு திறந்தால் மூன்று. இடைவெளி பத்து தௌ, அதாவது கால் மில்லிமீட்டர். தகடு உள்ளே போகும்போது லேசாக இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்த இழுப்பைச் சொல்லிப் புரியவைக்க முடியாது என்று மகளின் கையைப் பிடித்து அப்பா காட்டிக்கொடுத்திருக்கிறார். மூன்றாவது வால்வுக்கே அவள் அவர் கையைத் தள்ளிவிட்டாளாம்.

வீடு தாம்பரத்தை ஒட்டி இருக்கிறது. வண்டி 1966 மாடல், தாத்தாவுடையது. 1961 முதல் இந்த ஹெரால்டுகள் இறங்கியது, அங்கிருந்து கூப்பிடு தூரத்தில் பெருங்களத்தூரில் இருந்த தொழிற்சாலையில். தாத்தா போனபிறகு பன்னிரண்டு வருஷம் தார்ப்பாய்க்குள் கிடந்ததை, கொரோனா காலத்தில் பிள்ளை எதையோ தேடப்போய் விலக்கிப் பார்த்திருக்கிறாள். வேலை ஆரம்பித்தது போன கோடை விடுமுறையில்தான்.

முதல் நாள் ஸ்பேனரையே எடுக்கவில்லை. அப்பா உள்ளே உட்கார்ந்து கிளட்சை மிதிக்க, மகள் முன்னால் குந்தி, இன்ஜின் மூக்கிலிருக்கும் புல்லியையே பார்த்திருக்கிறாள். மிதிக்கும்போதெல்லாம் புல்லி முன்னால் வந்து போனது. கிராங்க் முன்னும் பின்னும் நகராமல் தாங்குவது அரைவட்டமான இரண்டு சின்ன வாஷர்கள். அவை தேய்வது இந்த வகை இன்ஜினுக்கு ஊரறிந்த நோய். சம்ப்பைக் கழற்றியபோது, கறுத்த ஆயில் கசடுக்குள் பிறைநிலா போல ஒரு துண்டு கிடந்திருக்கிறது. அதைக் கழுவித் துடைத்துத் தன் ஜியாமெட்ரி பாக்ஸில் வைத்திருக்கிறாள். எனக்கு எடுத்துக் காட்டினாள். ஒரு பக்கம் பிளேடு மாதிரி தேய்ந்துபோயிருந்தது.

அவளுடைய நோட்டில் இன்னொரு பக்கமும் எனக்குப் பிடித்திருந்தது. போர் 63 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 76. உருளையின் கன அளவு கண்டு, நாலால் பெருக்கி, 948 சிசி என்று அடிக்கோடு போட்டிருந்தாள். புத்தகத்தில் போட்டிருந்த எண் தன் பேனாவிலிருந்தும் வந்துவிட்டதில் அவளுக்கு அப்படியொரு பெருமை.

விடுமுறை இதழுக்கு இந்த அளவு போதும்தான். அப்பா, பிள்ளை, பழைய கார், நல்ல புகைப்படம். ஆனால் இவர்களோடு போரிங் பட்டறைக்குப் போய்வந்த பிறகு என் மனசு அங்கேயே நின்றுவிட்டது.

இன்ஜின் வேலையில் வீட்டிலேயே முடிகிற காரியங்கள் நிறைய உண்டு. செயின் பிளாக் போட்டு இறக்கலாம். ஹெட்டைக் கழற்றி, வால்வுகளைப் பேஸ்ட் போட்டுத் தேய்த்து உட்காரவைக்கலாம். மண்ணெண்ணெயில் கழுவலாம், பேக்கிங் வெட்டலாம். சிலிண்டரைக் குடைவது மட்டும் ஆகாது. அதற்கு மிஷின் வேண்டும். மிஷினைவிட முக்கியமாக ஆள் வேண்டும்.

அந்த மாஸ்டருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. பிளாக்கை மேஜை மேல் வைத்ததும் அளவுக் கருவியை எடுக்கவில்லை. ஆட்காட்டி விரலை முதல் சிலிண்டருக்குள் விட்டு மேல் விளிம்பை ஒரு சுற்று தடவினார். "வரப்பு விழுந்திருக்கு, பாரு பாப்பா" என்றார். பிஸ்டன் ரிங் எட்டாத உச்சியில் இரும்பு தேயாமல் அப்படியே நிற்கும். கீழே தேய்ந்து பள்ளமாகும். அவளும் விரலை விட்டுப் பார்த்தாள். முகம் மாறியது. பிறகுதான் டயல் கேஜ் வந்தது. மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடம். ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் ஒன்று, குறுக்குவாக்கில் ஒன்று. நாலு சிலிண்டருக்கும் சேர்த்து இருபத்துநாலு அளவு. மூன்றாவது சிலிண்டர் நன்றாகவே ஓவலாகியிருந்தது.

"பிஸ்டன் கொண்டாந்தீங்களா?"

"இல்லண்ணே, போர் முடிஞ்சதும் வாங்கிக்கலாம்னு..."

"பிஸ்டனைக் கையில பாக்காம மிஷின்ல ஏத்த மாட்டேன்."

ஒரே டப்பாவில் வரும் நாலு பிஸ்டனுக்குள்ளும் மயிரிழை வித்தியாசம் இருக்கும். இந்தப் பிஸ்டனுக்கு இந்த ஓட்டை என்று தனித்தனியே அளந்து குடைய வேண்டும் என்பது அவருடைய கட்டளை. அரை மில்லிமீட்டர் கூடுதல் அளவு பிஸ்டனுக்காக அப்பாவும் மகளும் புதுப்பேட்டையில் இரண்டு சனிக்கிழமை அலைந்தார்கள். குடைந்து முடித்த சிலிண்டர் சுவரில் ஹோனிங் கல் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல் போடும். அந்தக் கீறல்களில்தான் ஆயில் தங்கும். கண்ணாடி மாதிரி வழவழப்பாக்கினால் ரிங் உட்காராது, ஆயில் குடிக்கும். மாஸ்டர் கல்லை ஏற்றி இறக்கும் வேகத்தில்தான் அந்தக் கீறலின் சாய்வு இருக்கிறது. அது அவருடைய மணிக்கட்டில் இருக்கிறது.

அந்தச் சாலையில் முன்பு நாலு போரிங் பட்டறைகள் இருந்தனவாம். இப்போது இது ஒன்றுதான். அவருடைய மகன் வேறு வேலைக்குப் போய்விட்டார். உதவியாளாக இருந்த பையன் சாப்பாடு டெலிவரிக்குப் போய்விட்டான். புது வண்டிகளுக்குப் போரிங் அநேகமாகத் தேவைப்படுவதில்லை. கெட்டால் பாதி இன்ஜினையே மாற்றிவிடுகிறார்கள். மின்சார வண்டியில் சிலிண்டரே கிடையாது. பழைய வண்டி புகை கக்கும், அதைக் கட்டி அழுவானேன் என்று கேட்பவர்களும் உண்டு. நகரத்துக் காற்றை நினைத்தால் அதிலும் நியாயம் இருக்கிறது.

ஆனால் 2021-ல் வந்த விதி, ஐம்பது வருஷம் தாண்டிய வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகவே பதியச் சொல்கிறது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜின் எதிலும் பெரிய மாற்றம் கூடாது. வேறு வண்டி இன்ஜினைத் தூக்கி வைத்து ஒப்பேற்ற முடியாது, பழைய பிளாக்கைத்தான் பிழைக்கவைக்க வேண்டும். அதைப் பிழைக்கவைக்கும் மனிதருக்கு இந்தச் சட்டத்தில் இடமில்லை. அவருக்குச் சான்றிதழ் கிடையாது, அவரிடம் தொழில் பழகவரும் பிள்ளைக்கு உதவித்தொகை கிடையாது. ஐ.டி.ஐ.களில் டர்னர், மெஷினிஸ்ட் படித்து வெளியே வரும் பிள்ளைகளில் ஒருவரையாவது ஆறு மாதம் இப்படியொரு பட்டறையில் உட்காரவைக்கக் கூடாதா? கார் சேகரிப்பவர்கள் பெயின்டுக்கும் குரோமுக்கும் கொட்டும் பணத்தில் ஒரு பையனுக்குச் சம்பளம் கொடுக்கலாமே? இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. பிளாக் இருக்கும், பிஸ்டனும் எங்காவது கிடைக்கும், பிறகு யாரிடம் போய் நிற்பது?

இன்ஜின் ஆடி மாதம் உயிர்பெற்றது. பிளக்குகளைக் கழற்றிவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை ஸ்டார்ட்டரைச் சுற்றி, அப்புறம்தான் பிளக் மாட்டினார்கள். நோட்டில் அவள் புதுக் கணக்கும் போட்டுவிட்டாள்: 963 சிசி. பதினைந்து சிசி கூடியிருக்கிறது.

முதல் ஓட்டமே மாஸ்டரிடம்தான். அவர் நீள ஸ்க்ரூடிரைவரின் முனையை டேப்பட் கவரில் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக் கேட்டார். பிறகு எதுவும் சொல்லாமல் ஸ்க்ரூடிரைவரை அவளிடம் நீட்டினார். அவள் நகர்த்தி நகர்த்திக் கேட்டாள்.

"ரெண்டாவது சிலிண்டர்ல ஒண்ணு மட்டும் டக்குனு கேக்குது தாத்தா."

"எந்த வால்வு?"

திரும்பவும் காதை வைத்தாள்.

"மூணாவது. அது நானே தனியா வெச்சது."

"அணைச்சுட்டு ஆற விடு" என்றார் மாஸ்டர். ஃபீலர் கேஜை எடுக்க உள்ளே போனார்.