கசப்புக் குளிசைக்குள் ஒரு வளையம்

இலங்கையின் வன்னியிலுள்ள நெளுக்குளத்தில் ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் குளோரோகுயின் குளிசையைப் பற்றிக் கேட்டால், முதலில் அதன் கசப்பைத்தான் சொல்வார்கள். குளமும் வாய்க்காலும் காடும் சேர்ந்த அந்த வன்னியில் மலேரியா ஒருகாலத்தில் பழகிப்போன நோய். உடம்பை உலுக்கும் குளிர், கொதிக்கும் காய்ச்சல், பிறகு வியர்வை.

அந்தக் குளிசையின் மூலக்கூற்றில் இருப்பது குயினோலின் எனும் இரட்டை வளையம். ஆறு காபன் அணுக்களாலான பென்சீன் வளையத்தோடு இன்னோர் ஆறணு வளையம் ஒட்டி நிற்கும். அந்த இரண்டாவது வளையத்தில் ஒரு காபனின் இடத்தை நைதரசன் பிடித்திருக்கிறது.

1820 இல் பெல்லத்தியே, கவந்து என்ற பிரெஞ்சுக்காரர்கள் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து மலேரியா மருந்தான குயினைனைப் பிரித்தெடுத்தார்கள். 1834 இல் ரூங்கே என்ற இரசாயனவியலாளர் நிலக்கரித் தாரிலிருந்து குயினோலினைப் பெற்றார். மரப்பட்டை மருந்திலும் கரிய தாரிலும் ஒரே வளையம்! 1934 இல் ஜெர்மனியில் ஹான்ஸ் அன்டர்சாக் உருவாக்கிய குளோரோகுயினும் அதே வளையத்தின் மேல் எழுந்ததுதான்.

அது கிருமியைக் கொல்லும் விதம் அற்புதமானது. மலேரியாக் கிருமி செங்குழியத்துக்குள் புகுந்து ஈமோகுளோபினைத் தின்கிறது. மிஞ்சும் ஈம் அதற்கே நஞ்சு. ஆகவே அமிலம் நிறைந்த ஒரு நுண்பைக்குள் ஈமைப் பளிங்காக்கி ஒதுக்கிவிடுகிறது. குளோரோகுயினின் நைதரசன்களுக்குக் காரத்தன்மை உண்டு. பைக்குள் நுழைந்ததும் அவை அமிலத்திடமிருந்து புரோத்தன்களை ஏற்று மின்னேற்றம் பெறுகின்றன. அதன்பின் மென்சவ்வைத் தாண்டி வெளியேறுவது மிகக் கடினம். உள்ளே குவியும் மருந்தின் தட்டையான வளையம் ஈமோடு பிணைந்து பளிங்காவதைத் தடுக்கிறது. தின்ற சாப்பாட்டின் கழிவே கிருமிக்கு எமனாகிறது.

பிரைமாகுயினும் இதே குடும்பம். ஈரலில் பதுங்கி, மாதங்கள் கழித்துக் காய்ச்சலைக் கிளப்பும் விவாக்ஸ் கிருமியை அது அழிக்கும். ஜி6பிடி நொதியம் குறைந்தவர்களுக்கோ செங்குழியங்களைச் சிதைத்துவிடும். வைத்தியர் சொல்லாமல் தொடக்கூடாது.

1934–35 மலேரியாக் கொள்ளைநோயில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேர் மாண்டார்கள். 1963 இல் நாடு முழுவதும் 17 நோயாளர்களே. கண்காணிப்புத் தளர்ந்ததும், 1969 இல் எண்ணிக்கை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. 2012 ஒக்டோபருக்குப் பின் மூன்றாண்டுகளுக்கு மேல் உள்ளூர்த் தொற்று பதிவாகாததால், 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. இந்த வெற்றியில் வீடுவீடாக மருந்தடித்தவர்களுக்கும், போருக்கு நடுவிலும் இரத்தம் எடுத்துப் பரிசோதித்தவர்களுக்கும் குளிசைக்குச் சமமான பங்குண்டு.

மலேரியாவைப் பரப்பும் நுளம்புகள் இன்னும் நாட்டில் இருக்கின்றன. அனோபிலிஸ் ஸ்டீபன்சி எனும் புதிய இனமும் மன்னாரில் கண்டறியப்பட்டிருக்கிறது. இந்தியாவுக்கோ ஆபிரிக்காவுக்கோ போய்வந்த எவருக்காவது காய்ச்சல் கண்டால், பயணத்தை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லி இரத்தப் பரிசோதனை கேளுங்கள்.