கடைசிப் பத்தி எங்கே போனது?

"ஏம்மா, அவரு கேட்ட பாட்டப் பத்தி எழுதியிருக்கேன்னு சொன்னியே, அதக் காணோமே?"

சென்ற ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்கு வந்த அழைப்பு இது. பேசியவர் பேராக்கில் வசிக்கும் ஓர் அம்மா. ரப்பர் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற அவருடைய கணவர், எங்கள் வானொலி நிகழ்ச்சியின் நீண்ட நாள் நேயர். வாரம் தவறாமல் அழைத்து, மனைவிக்காக ஒரே பாடலைக் கேட்பார். ஏன் அந்தப் பாடல் என்று ஒருநாள் ஒலிபரப்பு முடிந்தபின் என்னிடம் சொன்னார். மனைவியிடம்கூடச் சொன்னதில்லையாம். அவர் காலமானதும் நான் எழுதிய அஞ்சலிக் கட்டுரையின் கடைசிப் பத்தியில் அதைத்தான் வைத்திருந்தேன்.

அந்தப் பத்திதான் அம்மாவுக்குப் போய்ச் சேரவில்லை.

நிகழ்ச்சிக்காக நான் எழுதும் கட்டுரைகளை ஒரு மென்பொருள் வாரக் கடைசியில் திரட்டி, பதிந்துகொண்ட நேயர்களுக்கு மின்மடலாகத் தானே அனுப்பிவிடும். எல்லாம் தானாக நடக்கிறது என்ற நிம்மதியில், அந்த மடலை நேயரின் கைப்பேசியில் நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. ஊடகத் துறையில் பட்டம் வாங்கியவள், எந்த ஒலிப்பதிவையும் காதில் மாட்டிக் கேட்காமல் ஒலியேற்றாதவள், இதில் கோட்டை விட்டேன்.

அம்மாவின் பேத்தி ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள். பார்த்ததும் வெட்கமாக இருந்தது. படம் திரையை மீறி நின்றது. எழுத்தெல்லாம் எறும்பு. அடியில், மடல் வெட்டப்பட்டது என்று ஆங்கிலத்தில் ஒரு வரி. அதைத் தட்டினால்தான் மிச்சம் வரும் என்று அந்த அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கே அந்தப் பத்தியைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினேன். பிறகு, ஒவ்வொரு கோளாறாகத் தேடிப் பிடித்தேன். கோயில், சங்கம், பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கம் என்று மின்மடல் அனுப்புகிறவர்கள் நம்மிடையே பலர் இருப்பதால், நான் கற்றதைச் சொல்கிறேன்.

முதலில் வெட்டு. ஜிமெயில், ஒரு மடலின் எழுத்தும் குறிமுறையும் சேர்ந்து ஏறக்குறைய 102 கிலோபைட்டைத் தாண்டினால் மிச்சத்தை மறைத்துவிடும். இது தமிழுக்குச் சீக்கிரம் நிரம்பும். யுனிகோடு தமிழை யுடிஎஃப்-8 முறையில் அனுப்பும்போது, ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் என்றால் நம் 'அ'வுக்கு மூன்று. 'கி' போன்ற உயிர்மெய்க்கு ஆறு. அதோடு, நான் வேர்டில் தட்டச்சு செய்து அப்படியே ஒட்டியதால் கண்ணுக்குத் தெரியாத வடிவக் குறிமுறைகளும் மூட்டையாக ஏறியிருந்தன. அந்த வாரம் மடலில் நான்கு முழுக் கட்டுரைகள். அஞ்சலிக் கட்டுரை கடைசியில் இருந்தது. கத்தி அதன் மேல் விழுந்தது.

இப்போது ஒரு மடலுக்கு ஒரே கட்டுரை. ஒட்டும்போது கண்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி, வெறும் எழுத்தாக ஒட்டுகிறேன். முன்னோட்டம் மட்டும் கொடுத்து 'மேலும் படிக்க' என்று இணைப்பு வைத்தால் போதும் என்றார்கள் நண்பர்கள். எங்கள் மூத்த நேயர்கள் இணைப்பைத் தட்டவே பயப்படுகிறவர்கள். மோசடி பற்றி நாங்களே வானொலியில் எச்சரிக்கிறோமே! ஆகவே முழுக் கட்டுரையும் மடலிலேயே போகிறது.

அடுத்தது படம். கைப்பேசியில் எடுத்த படம் பல ஆயிரம் படப்புள்ளி அகலம் இருக்கும். இணையப் பக்கம் அதைத் தானே சுருக்கிக்கொள்ளும். மடலில் அந்த உத்தரவு எல்லா இடத்திலும் செல்லாது. விண்டோஸில் இயங்கும் அவுட்லுக், 2007ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, மடலைக் காட்ட வேர்டின் இயந்திரத்தையே பயன்படுத்தி வந்தது. அதற்கு அகலத்தை எண்ணாகவே எழுதிக் கொடுக்க வேண்டும். பெரிய படம் மடலை இழுத்து அகலமாக்கினால், கைப்பேசி முழு மடலையும் சுருக்கித் திரைக்குள் அடக்கும். எழுத்து எறும்பானது அதனால்தான். இப்போது படங்களை 600 படப்புள்ளிக்குக் குறைத்தபின்பே ஏற்றுகிறேன். இரண்டு பத்தி வரிசையையும் விட்டுவிட்டு ஒரே வரிசையாக்கினேன்.

எழுத்துருவிலும் ஒரு பாடம். நான் தேர்ந்தெடுத்த அழகான இணைய எழுத்துரு ஜிமெயிலில் வரவே வராது. வாசகரின் கருவியில் இருப்பதுதான் வரும். ஆப்பிள் கருவியில் 'இணைமதி' வரலாம். அது நம் மலேசியர் முத்து நெடுமாறன் உருவாக்கியது. விண்டோஸில் 'நிர்மலா'வோ 'லதா'வோ வரலாம். எது வந்தாலும் படிக்கும்படி எழுத்தளவை 18 ஆக்கி, வரி இடைவெளியைக் கூட்டினேன். இருபுறமும் சமமாக நிறுத்தும் பழக்கத்தையும் விட்டேன். தமிழில் சொற்கள் நீளம். குறுகிய திரையில் சமன் செய்தால் இடையிடையே பல் விழுந்த வாய்போல ஓட்டை விழும்.

ஒலித்துண்டுகளும் பெரும்பாலும் மடலுக்குள் ஒலிக்காது. பல அஞ்சல் செயலிகள் அவற்றை ஏற்பதில்லை. பெரிய பொத்தானாக ஓர் இணைப்பை வைத்து, என்ன ஒலிக்கும் என்று பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். அதேபோல், நிகழ்ச்சி நாள், நேரம் போன்றவற்றைப் படத்துக்குள் மட்டும் வைப்பதில்லை. சில செயலிகள் படத்தைத் தடுத்து வைக்கும். அப்போது அழைப்பிதழே வெற்றுக் கட்டமாகிவிடும்.

இத்தனைக்கும் பிறகு, எல்லாவற்றையும்விட உதவிய பழக்கம் எளியது. நேயர்களுக்குப் போகும் முன், மடல் முதலில் எனக்கு வரும். என் ஆண்ட்ராய்டு கைப்பேசி, தங்கையின் ஐபோன், அப்பாவின் பழைய மடிக்கணினி மூன்றிலும் திறந்து, கடைசி வரி வரை இறங்கிப் பார்க்கிறேன். பத்து நிமிட வேலை.

திருத்திய மடலை அந்த அம்மாவுக்குத்தான் முதலில் அனுப்பினேன். மாலையில் அழைத்தார்.

"இப்ப முழுசா வந்துருச்சும்மா. நீ அன்னிக்கு போன்ல வாசிச்சப்ப அழுகையில பாதி காதுல விழல. பேத்திய அச்செடுக்கச் சொல்லி சாமி மேடைகிட்ட வச்சிருக்கேன். தோணுறப்ப எடுத்துப் படிக்கலாம் பாரு."