தேய்ந்த கல்லும் ஆசைக் கண்ணும்

ஸ்காட்லாந்தின் தென்மேற்கில், சால்வே கடற்கழியை ஒட்டி ரூத்வெல் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. அந்த ஊர்த் தேவாலயத்துக்குள், தரையில் தோண்டிய பள்ளத்திலிருந்து ஒரு கற்சிலுவை எழுந்து நிற்கிறது. உயரம் சுமார் 18 அடி. 1887இல் இதற்கென்றே சுவரை நீட்டி ஒரு வளைமாடம் கட்டினார்கள், தரையையும் பறித்தார்கள். அப்புறம்தான் சிலுவையை உள்ளே நிறுத்த முடிந்தது.

எட்டாம் நூற்றாண்டில் இந்தப் பகுதி நார்த்தம்பிரியா என்ற ஆங்கிலேய அரசின் கையில் இருந்தபோது செதுக்கிய மணற்கல் அது. அகலமான இரண்டு முகங்களில் ஏசு, மரியாள், புனிதர்கள் முதலான உருவங்களும் அவற்றைச் சுற்றி லத்தீன் வரிகளும் உள்ளன. குறுகலான பக்கங்களில் பறவையும் விலங்கும் பழம் கொறிக்கும் திராட்சைக் கொடி ஓடுகிறது. கொடிக்கு இருபுறமும் உள்ள ஓரப் பட்டையில் பொறித்திருப்பவை ரூன் எழுத்துகள். லத்தீன் எழுத்து பரவுவதற்கு முன்பிருந்தே வட ஐரோப்பிய மக்கள் மரத்திலும் எலும்பிலும் கல்லிலும் கீறிவந்த எழுத்து இது.

1640இல் ஸ்காட்லாந்துத் திருச்சபையின் பொதுப் பேரவை, விக்கிரகச் சின்னங்களை இடித்துத் தள்ளும்படி சட்டம் போட்டது. 1642இல் ரூத்வெல் சிலுவை உடைந்து விழுந்தது. துண்டுகள் தேவாலயத்துக்குள் காலடியில் கிடந்தன, பிறகு முற்றத்துக்குப் போயின. அவற்றைப் பொறுக்கிச் சேர்த்து 1823இல் மீண்டும் நிமிர்த்தியவர் அவ்வூர்ப் போதகர் ஹென்றி டங்கன். ஏழை உழைப்பாளிகள் நாலு காசு சேர்க்கட்டும் என்று 1810இல் இதே ஊரில் சேமிப்பு வங்கி தொடங்கியவரும் இவர்தான். உலகச் சேமிப்பு வங்கிகளின் வரலாறு இவரை முன்னோடியாகச் சொல்கிறது.

சிலுவை நிமிர்ந்துவிட்டது. ஆனால் அதில் என்ன எழுதியிருக்கிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

ஏன் அத்தனை சிரமம் என்பது எழுத்துகளைக் கிட்டத்தில் பார்த்தால் புரியும். நிமிர்ந்த ஒற்றைக் கோடு போட்டால் அது ‘இ’. அதே கோட்டின் வலப்புறம், கீழ்நோக்கிச் சரியும் இரண்டு சிறு கிளைகள் சேர்த்தால் ‘பேங்க்’ என்று சொல்லும்போது வருகிற உயிரொலி. மேல்கிளையின் நுனியில் மட்டும் மேல்நோக்கி ஒரு கீற்று வைத்தால் ‘ஆ’. இரண்டு கிளை நுனிகளிலும் வைத்தால் ‘ஓ’. ஆக, நகக்கண் அளவு கீற்று ஒன்று தேய்ந்தால் ‘ஓ’ என்பது ‘ஆ’வாகிவிடும். கிளைகளே மழுங்கினால் ‘இ’தான் மிஞ்சும். மணற்கல் என்பது பொடிமணலை இயற்கைச் சாந்து பிணைத்து வைத்திருக்கும் கல். பிணைப்பு தளரத் தளர மணல்மணியாக உதிர்கிறது. இங்கே எழுத்து இருப்பதோ விளிம்பில். கல் சாயும்போது முதலில் அடிபடுவது விளிம்புதானே!

போதாக்குறைக்கு எழுதிய முறையும் விசித்திரம். பட்டை நெடுகக் கீழ்நோக்கி, வரிக்கு இரண்டு, மூன்று, நான்கு எழுத்தாக அடுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். சொல்லுக்குச் சொல் இடைவெளி கிடையாது. ஒரு சொல் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதைப் படிப்பவர்தான் வெட்டிக்கொள்ள வேண்டும்.

வெட்டினார்கள். 1830களில் ஐஸ்லாந்தைச் சேர்ந்த இரண்டு அறிஞர்கள் இதில் இறங்கினார்கள். ரூன் என்றால் ஸ்காண்டிநேவிய மொழிதான் என்பது இருவருக்கும் முன்முடிவு. தோர்லீஃபர் ரெப் படித்ததில் ஞானஸ்நானத் தொட்டியும் பசுக்களும் ஒரு பள்ளத்தாக்கும் வந்தன. அந்தப் பெயரில் பள்ளத்தாக்கு எந்த வரைபடத்திலும் இல்லை. ஃபின்னூர் மாக்னூசன் அதே எழுத்துகளைப் படித்தார். அவருக்கு அரச வம்சத்தார் கைமாற்றிக்கொண்ட சொத்து தெரிந்தது. ஒரே கல், ஒரே வரி, சம்பந்தமே இல்லாத இரண்டு கதைகள்.

மாக்னூசனை லேசாக எடைபோட்டுவிடக் கூடாது. பழைய ஐஸ்லாந்து இலக்கியத்தில் அவர் காலத்தில் அவருக்கு நிகரானவர்கள் குறைவு. ஆனால் அந்தப் புலமையே அவரைக் கவிழ்த்தது. தெற்கு ஸ்வீடனின் பிளேக்கிங்கே வட்டாரத்தில் ரூனமோ என்ற பாறை உண்டு. அதில் ஏதோ எழுத்து இருப்பதாக நெடுநாள் நம்பிக்கை. 12ஆம் நூற்றாண்டில் டென்மார்க் அரசர் வால்தெமார் ஆள் அனுப்பிப் படிக்கச் சொல்லி, முடியாமல் போனதாக வரலாற்றாசிரியர் சாக்ஸோ எழுதியிருக்கிறார். 1834இல் மாக்னூசன் அதை வலமிருந்து இடமாகப் படித்துப் பார்த்தார். மோனை தப்பாத பழம்பாட்டு ஒன்று வந்தது. பிராவல்லா என்ற புகழ்பெற்ற போரைப் பற்றியது! அறிஞர் உலகம் கொண்டாடியது. பிறகு இளம் தொல்லியலாளர் வொர்சோ நேரில் போய்ப் பாறையைப் பரிசோதித்து, 1844இல் ஒரு நூல் வெளியிட்டார். எழுத்தும் இல்லை, எழுதியவரும் இல்லை. பாறையில் இயற்கையாக விழுந்த விரிசல்கள்தான் அவை.

வெறும் விரிசலிலிருந்து யாப்பு பிசகாத கவிதையை எடுக்க முடியுமானால், தேய்ந்த எழுத்திலிருந்து எதைத்தான் எடுக்க முடியாது?

ரூத்வெல் கல்லுக்கு விமோசனம் 1840இல் வந்தது. ஆங்கிலேய அறிஞர் ஜான் மிட்செல் கெம்பிள், இது ஸ்காண்டிநேவிய மொழியே அல்ல, நார்த்தம்பிரியாவின் பழைய ஆங்கிலம் என்றார். எழுத்துகளுக்கு ஆங்கிலேய ரூன் வரிசைப்படி மதிப்புக் கொடுத்தபோது சொற்கள் இலக்கணத்தோடு வந்து விழுந்தன. ஏசு சிலுவையில் அறையப்பட்டதைப் பாடும் செய்யுள் அது. பேசுவதோ சிலுவை மரமே. அரசரைத் தாங்கி நின்றதையும், குனியத் துணியாததையும், குருதியில் நனைந்ததையும் அது தன் வாயால் சொல்கிறது.

சரி, இதையும் ரூனமோ பாட்டுபோல இன்னொரு புலவரின் கற்பனை என்று ஏன் தள்ளக் கூடாது? நியாயமான கேள்விதான். பதில் இத்தாலியில் இருந்தது. ரோமுக்குப் போகும் யாத்திரைப் பாதையில் வெர்செல்லி என்ற ஊர். அதன் பேராலய நூலகத்தில் 1822இல் ஃபிரீட்ரிஷ் புளூமே என்ற ஜெர்மானியச் சட்ட அறிஞர் ஒரு தோல் ஏட்டைக் கண்டார். பத்தாம் நூற்றாண்டின் இறுதியை ஒட்டிப் படியெடுத்த பழைய ஆங்கில ஏடு அது. அதில் சிலுவை மரம் கனவில் வந்து பேசும் நெடும்பாடல் ஒன்று உண்டு. 1840 கட்டுரையை எழுதியபோது கெம்பிள் அதைப் பார்த்திருக்கவில்லை. பின்னால் அச்சில் பார்த்துத் திகைத்தார். கல்லில் தான் படித்த வரிகள் ஏட்டில் அப்படியே இருந்தன. வட்டார வழக்குதான் வேறு. தன் வாசிப்பில் சில எழுத்துகளைத் திருத்தினால் போதுமாக இருந்தது. 1844இல் அச்சான கட்டுரையில் அதைப் பதிவு செய்தார். கல்வெட்டியலில் இப்படிச் சாட்சி கிடைப்பது அபூர்வத்திலும் அபூர்வம்.

ஆசை மட்டும் அதோடு அடங்கவில்லை. பாடல் தெரிந்துவிட்டது, பாடியவர் பெயரும் தெரிந்தால் தேவலாம் அல்லவா? 1866இல் ரூன் ஆய்வாளர் ஜார்ஜ் ஸ்டீவன்ஸ், சிலுவையின் உச்சிப் பகுதியில் மிகவும் சிதைந்த எழுத்துகளைப் பார்த்து, ‘கேட்மன் என்னைச் செய்தான்’ என்று படித்தார். கேட்மன், மாட்டுக்கொட்டிலில் பாட்டு வரம் பெற்றதாக வரலாற்றாசிரியர் பீட் எழுதிவைத்த ஆதி ஆங்கிலக் கவி. பிடித்த முயலுக்கு மூன்றே கால்! பின்னால் வந்தவர்கள் உற்றுப் பார்த்தார்கள். அந்தப் பெயர் அங்கே இல்லை. ஆய்வாளர்கள் அந்த வாசிப்பை எப்போதோ கைவிட்டுவிட்டார்கள்.

எல்லையைத் தாண்டி இங்கிலாந்துப் பக்கம் போனால் பியூகாசில் என்ற ஊரின் தேவாலய முற்றத்தில் இதன் சகோதரி போல இன்னொரு சிலுவைத் தூண் நிற்கிறது. தலை போய்விட்டது. கூரையும் கிடையாது, ஆயிரம் ஆண்டுக்கும் மேலாக மழையும் பனியும் நேராக அடிக்கின்றன. இதில் கிறிஸ்துவின் பெயரும், ‘கினெபுர்க்’ என்ற பெண் பெயரும் படிக்க வருகின்றன. கினெபுர்க் என்ற பெயரில் ஓர் அரசி உண்டு, அவள் கணவன் ஆல்க்ஃப்ரித். ஆகவே கணவன் பெயரும் இருந்தாக வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் பலர் தேடினார்கள். தேடியவர்களுக்குக் கிடைக்கவும் கிடைத்தது. அதை வைத்துத் தூணுக்குத் துல்லியமான ஆண்டே குறித்தார்கள். ரூன் அறிஞர் ஆர். ஐ. பேஜ் 1960இல் ஒவ்வொரு எழுத்தாகச் சோதித்து, நீண்ட கல்வெட்டின் பெரும்பகுதி உறுதியாகப் படிக்க முடியாதது என்றார். என் பார்வையில், ஆல்க்ஃப்ரித்தைக் கண்டுபிடித்தவர்களைவிட, இல்லை என்று சொன்ன பேஜ் செய்ததே பெரிய வேலை.

இன்று கருவிகள் வந்துவிட்டன. பக்கவாட்டில் தாழ்வாக விளக்கைப் பிடித்தால் மழுங்கிய பள்ளமும் நிழல் போடும் என்பது பழைய உத்தி. 2001இல் டாம் மால்ஸ்பெண்டரும் சகாக்களும் அதையே கணினிக்குக் கொண்டுபோனார்கள். கேமரா அசையாமல் நிற்க, வெளிச்சத்தை மட்டும் திசை மாற்றி மாற்றிப் பல படங்கள் எடுக்கிறார்கள். பிறகு திரையில் வேண்டிய பக்கமிருந்து ஒளியைப் பாய்ச்சிப் பார்க்கலாம். அருமையான வசதிதான். ஆனால் அந்த வெளிச்சத்தில் உளியின் தடம் தெரிவதுபோலவே காலம் கீறிய கீறலும் துல்லியமாகத் தெரிகிறது. எது எது என்று கணினி சொல்லாது. சுண்ணக்கட்டியால் எழுத்தின் மேல் வரைந்து படம் எடுக்கும் பழக்கமோ இதைவிட மோசம். பதிவாவது கல் அல்ல, வரைந்தவரின் யூகம்.

கல்வெட்டாளர்கள் தங்களுக்குத் தாங்களே ஒரு கடிவாளம் போட்டு வைத்திருக்கிறார்கள். ஊகித்து நிரப்பிய எழுத்தைச் சதுர அடைப்புக்குள் போட வேண்டும், ஐயத்துக்குரிய எழுத்தின் அடியில் புள்ளி வைக்க வேண்டும் என்று 1931இல் நெதர்லாந்தின் லெய்டன் நகரில் கூடி முறை வகுத்தார்கள். தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதிகளைப் புரட்டியவர்களுக்கும் அந்தச் சதுர அடைப்புகள் பழக்கம்தான். செய்தித்தாளில் ஒரு கல்வெட்டுச் செய்தி வரும்போது அந்த அடைப்புகள் காணாமல் போய்விடுகின்றன, முழு வாக்கியம் மட்டும் மிஞ்சுகிறது. அடுத்த தடவை அப்படி ஒரு செய்தி கண்ணில் பட்டால் மூலப் பாடத்தைத் தேடி எடுத்து, எத்தனை எழுத்து அடைப்புக்குள் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.