உட்பரியில் கூடிய பதின்மர்

ஆங்கிலத் திருச்சபையின் வழிவந்த அமெரிக்கச் சபைக்கு 'எபிஸ்கோபல்' என்று பெயர். பேராயர் ஆளும் சபை என்பது பொருள். ஆனால், நாடு விடுதலை பெற்றபோது அங்கே பேராயர் ஒருவர்கூட இல்லை! குருப்பட்டம் பெற இலண்டனுக்குத்தான் கப்பலேற வேண்டும். கடலிலும் அம்மையிலும் மாண்டோர் பலர்.

1783 மார்ச்சில், கனெக்டிகட்டிலுள்ள உட்பரி என்னும் சிற்றூரில், குரு மார்ஷல் குடியிருந்த ஆலய மானிய வீட்டில் குருமார் பதின்மர் மறைவாகக் கூடினர். அவர்கள் தேர்ந்தனுப்பியவர் சாமுவேல் சீபரி. அரசனுக்கு விசுவாசப் பிரமாணம் செய்தாலன்றிப் பட்டமில்லை என்றது இங்கிலாந்துச் சட்டம். குடியரசின் குரு அதை எங்ஙனம் செய்வார்? (போர்க்காலத்தில் சீபரி அரசன் பக்கம் நின்றவர் என்பதுதான் வேடிக்கை!) ஓராண்டுக்கு மேல் காத்திருந்து, ஸ்காட்லாந்து சென்றார். 1784 நவம்பர் 14இல் அபர்தீன் நகரில், ஒரு வீட்டின் மாடியறையில் பேராயரானார்.

1786இல் இங்கிலாந்தும் சட்டத்தைத் தளர்த்தியது. ஸ்காட்லாந்து முந்தியிராவிடில் அவ்வளவு விரைவில் இணங்கியிருக்குமா என்பது என் ஐயம்.