அடுத்து வரப்போகிறவரின் வாடகை

நாம் பேசிக்கொண்டிருக்கும் இந்த டீக்கடையையே கணக்குக்கு எடுத்துக்கொள்வோம். ஒரு டீ 15 ரூபாய். பால், தூள், சர்க்கரை, கேஸ், மாஸ்டர் சம்பளம் எல்லாம் போகக் கிளாசுக்கு 4 ரூபாய் மிஞ்சுகிறது என்று வையுங்கள். கட்டட ஓனர் மாச வாடகையில் 10,000 ரூபாய் ஏற்றுகிறார். அதை ஈடுகட்ட மாசம் 2,500 டீ கூடுதலாக ஓட வேண்டும். நாளொன்றுக்கு எண்பது சொச்சம். கடையும் அதேதான், அடுப்பும் அதேதான், நெரிசலும் காலை ஆறரையிலிருந்து எட்டரை வரைக்கும்தான். அந்த எண்பது பேர் எங்கிருந்து வருவார்கள்? விலையை 20 ஆக்கலாம். ஆக்கினால் மூன்று டீ குடிக்கிற ஆட்டோக்காரர் இரண்டோடு நிறுத்திக்கொள்வார்.

நம் தாம்பரத்துக் கடைத்தெரு ஏன் இப்படி முகம் மாறுகிறது என்று கேட்டீர்களே தம்பி, பாதி விடை இந்தக் கணக்கில் இருக்கிறது. மீதிப் பாதி, பத்தாயிரம் ஏற்றும் தைரியம் ஓனருக்கு எங்கிருந்து வந்தது என்பதில்.

கடை நடத்துகிறவரின் வியாபாரத்தைப் பார்த்து வாடகை ஏறுவதில்லை. அடுத்து வரக் காத்திருப்பவர் என்ன தருவார் என்பதைப் பார்த்துத்தான் ஏறுகிறது. அந்த அடுத்தவர் இன்றைக்குப் பெரும்பாலும் ஊரெங்கும் கிளை வைத்திருக்கும் ஒரு கம்பெனி: மருந்துக்கடை, பேக்கரி, மூக்குக்கண்ணாடிக் கடை, நகைக்கடன், ரத்தப் பரிசோதனை நிலையம். ஒரு கிளை இரண்டு வருஷம் நஷ்டத்தில் ஓடினாலும் மற்றக் கிளைகள் தாங்கும். ரோட்டைப் பார்த்த போர்டை அவர்கள் விளம்பரச் செலவில் எழுதிக்கொள்வார்கள். தையல்கடைக்காரருக்கு அப்படியா? இரண்டு கை ஒரு நாளில் எத்தனை பிளவுஸ் தைக்குமோ, அதுதான் அவர் வருமானத்தின் உச்சி. இந்த இருவரையும் ஒரே பத்தடி ஷட்டருக்குப் போட்டியிட வைத்தால் யார் ஜெயிப்பார் என்று சொல்ல ஜோசியர் வேண்டாம்.

தாம்பரத்துக்கு மாற்றம் புதிதில்லை. 1931-ல் சென்னை பீச் ஸ்டேஷனிலிருந்து தாம்பரம் வரை மீட்டர் கேஜில் மின்சார ரயில் ஓட ஆரம்பித்தது. 1937-ல் கிறிஸ்தவக் கல்லூரி பாரிமுனையை விட்டுச் சேலையூர்க் காட்டுப் பக்கம் குடிவந்தது. 1984-ல் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலம். ஒவ்வொன்றும் தனக்கேற்ற கடைகளை உண்டாக்கிக்கொண்டது. மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலை முழுக்க முழுக்க ரயில் தந்த தெரு. சாயங்காலம் வண்டியிலிருந்து இறங்குகிறவர் நடந்தபடியே கால் கிலோ கத்தரிக்காய், ஒரு கட்டு கீரை, இரண்டு முழம் பூ வாங்கிக்கொண்டு முடிச்சூர் பஸ்ஸைப் பிடிப்பார். பட்டியல் போட்டுக்கொண்டு யாரும் அங்கே வருவதில்லை. கண்ணில் படுவதை வாங்குவார்கள். நடக்கிற கால்களை நம்பிய வியாபாரம் அது.

அந்தக் கால்கள்தான் குறைந்தன. வேளச்சேரி ரோட்டில் சேலையூர், ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மேடவாக்கம் என்று வரிசையாக எழும்பிய அடுக்ககங்களில் இருக்கிறவர்களில் பலருக்கு ஆபீஸ் ஓ.எம்.ஆர். என்கிற பழைய மகாபலிபுரம் ரோட்டில். கம்பெனி வண்டி வாசலுக்கே வருகிறது, இல்லையென்றால் சொந்த ஸ்கூட்டர், கார். தாம்பரத்தில் ஐந்து வருஷம் குடியிருந்தும் சண்முகம் சாலையை மிதிக்காதவர்கள் இருக்கிறார்கள். வண்டி நிறுத்த இடமிருக்கிற கடைதான் அவர்களுக்குக் கடை. தீபாவளித் துணிக்கு ரயிலேறித் தி.நகர் போன காலம் போய், போத்தீஸும் சரவணா ஸ்டோர்ஸும் ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டைக்கே வந்து உட்கார்ந்துவிட்டன. 2021-ல் ஐந்து நகராட்சி, ஐந்து பேரூராட்சிகளைச் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி ஆனது. குப்பை வண்டி நேரத்துக்கு வந்ததோ இல்லையோ, மனை விளம்பரங்களில் அந்தப் பெயர் உடனே ஏறிவிட்டது.

ஒன்றைப் பிரித்துவிடுகிறேன். 2023 டிசம்பர் 30-ல் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்த பிறகு பெருங்களத்தூரில் டிபன், பழம், தண்ணீர் பாட்டில் விற்றவர்களின் வியாபாரம் விழுந்தது. கோயம்பேட்டிலிருந்து வந்த வெளியூர் பஸ்ஸைப் பிடிக்க அங்கே ராத்திரி முழுக்கக் காத்திருந்த கூட்டம் தெற்கே நகர்ந்துபோனதால் வந்த நஷ்டம் அது. பஸ் நின்றால் கடை, நிற்காவிட்டால் இல்லை. நாம் பேசுவது வேறு: கூட்டமும் பணமும் பெருகும்போதே ஏன் சில கடைகள் மூடுகின்றன என்பது.

அதை உள்தெருவில் நன்றாகப் பார்க்கலாம். ஒரு கிரவுண்டு நிலம், 2,400 சதுர அடி, அதில் பழைய தனிவீடு. முன்னறையில் ஷட்டர் போட்டு ஒரு கடை, அல்லது ஷட்டர்கூட இல்லாமல் ஜன்னல் வழியாகவே இட்லி மாவு, பால் பாக்கெட், ரீசார்ஜ். மதிலோரம் வேப்பமரத்தடியில் இஸ்திரி வண்டி. 2019-ல் தமிழ்நாடு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் வந்தபோது சாதாரணக் கட்டடத்துக்கான எப்.எஸ்.ஐ., அதாவது நிலத்தின் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 1.5-லிருந்து 2 ஆனது. அதே கிரவுண்டில் 3,600 சதுர அடிக்குப் பதில் 4,800 கட்டலாம். ஓனர் நிலத்தைப் பில்டரிடம் ஜாயின்ட் வெஞ்சரில் கொடுக்கிறார், பாதி வீடுகள் அவருக்கு. கார் நிறுத்த விடும் ஸ்டில்ட் தளம் எப்.எஸ்.ஐ. கணக்கில் சேராது, பார்க்கிங்கும் காட்டியாக வேண்டும். ஆக, தெருவோடு ஒட்டிய கீழ்த்தளம் முழுக்கத் தூணும் காரும் இரும்புக் கேட்டும் ஆகிவிடுகிறது.

கடையை எடு என்று எந்த விதியும் சொல்லவில்லை. கடை இருக்கக்கூடிய தளமே இல்லாமல் போனதுதான் நடந்தது. ஒரு குடும்பம் இருந்த இடத்தில் ஆறு குடும்பம். ஆனால் தெருவைப் பார்த்த வாசலில் கடை பூஜ்யம். ஆறு குடும்பத்துக்கும் மாவும் பாலும் வேண்டுமே? ஒன்று மெயின்ரோட்டுக்குப் போக வேண்டும், அதனால் அங்கே ஷட்டர் வாடகை இன்னும் ஏறும். இல்லையென்றால் போனில் தட்ட வேண்டும். பிளிங்கிட், இன்ஸ்டாமார்ட், செப்டோ பையன் பத்து நிமிஷத்தில் கொண்டுவந்து தருகிற பாக்கெட் ஏதோ ஒரு குடோனிலிருந்து வருகிறது. வாடிக்கையாளர் உள்ளே கால்வைக்க முடியாத கடை அது. உங்கள் தெருவில் மாலை வேளையில் மனிதர்கள் நின்று பேசுகிற இடம் எத்தனை மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள்.

பழசு எல்லாம் பொன் என்று நான் சொல்லமாட்டேன். மாசக் கணக்கு நோட்டும் "எப்ப வேணா குடும்மா"வும் இருந்த அதே கடையில்தான், வீடு பார்க்க வந்தவர்களிடம் "நீங்க எந்த ஊரு, என்ன ஆளுங்க" என்று விசாரணையும் நடந்தது. வேலைக்குப் போகிற பெண் இரவு ஒன்பது மணிக்கு நாப்கின் வாங்க, யாரும் நிமிர்ந்து பார்க்காத கண்ணாடிக் கதவுக் கடையை விரும்பினால் அதில் தப்பென்ன?

பெரிய கடை வந்தால் சின்னக் கடை ஒழியும் என்பதும் அவ்வளவு நேர்க்கோடு இல்லை. 1997-ல் சென்னையில் பிறந்த சுபிக்ஷா சூப்பர்மார்க்கெட் நாடெங்கும் கிளை விரித்தது, 2009-ல் மொத்தமாக மூடியது. பின்னால் எத்தனையோ வந்தன. தென்மாவட்டத்திலிருந்து வந்து கடை போட்ட அண்ணாச்சிகள் பலர் இன்னும் கல்லாவில் இருக்கிறார்கள். உறவும் உழைப்பும் காரணம் என்று எல்லோரும் சொல்வார்கள், சரிதான். ஆனால் நிலைத்தவர்களைப் பாருங்கள், பலர் நல்ல காலத்திலேயே அந்த இடத்தை விலைக்கு வாங்கிப் போட்டவர்கள். கணக்கு நோட்டைவிடப் பட்டாதான் அவர்களைக் காப்பாற்றியது என்பது என் எண்ணம்.

ஜென்ட்ரிஃபிகேஷன் என்று இதற்குப் பெயர் வைத்தவர் ரூத் கிளாஸ் என்ற சமூகவியலாளர். 1964-ல் லண்டனைப் பற்றி எழுதும்போது, தொழிலாளர்கள் குடியிருந்த பேட்டைகளுக்கு நடுத்தர வர்க்கத்தார் வந்து, பழைய வீடுகளைப் பிடித்துப் புதுப்பிக்க, முன்பிருந்தவர்கள் வெளியேறுவதைக் கவனித்தார். நம் பக்கம் கதை கொஞ்சம் கோணலாக நடக்கிறது. இங்கே பழைய குடியிருப்பாளரே நிலத்துக்காரர். அவர் வெளியே போகவில்லை. இரண்டாவது மாடியில், தன் பங்கு வீடுகளுக்குச் சொந்தக்காரராக வசதியாக இருக்கிறார். ஊர் முன்னேறிவிட்டது என்று அவர் சொல்வது பொய்யில்லை. வெளியே போகிறவர் அவருடைய முன்னறையில் வாடகைக்கு இருந்தவர், மதிலோரம் நின்றவர். ஒரே வாசலில் ஒருவருக்கு லாபம், ஒருவருக்கு நஷ்டம். இடையில் நிற்பது பத்திரம்.

எங்கே போனது என்று நீங்கள் விசாரித்த தையல்கடைக்கு வருவோம். அவர் தொழிலை விடவில்லை. பின்தெருவில் முதல் மாடிக்குப் போய்விட்டார், குறுகலான படி, வெளியே மஞ்சள் துணியில் ஒரு அம்புக்குறி. அளவு நோட்டு அவரிடம்தான் இருக்கிறது, அதனால் பிளவுஸ் வாடிக்கையாளர்கள் தேடிப் போகிறார்கள். போகாதது சில்லறை வேலை: பேன்ட் கால் மடிப்பது, ஜிப் மாற்றுவது, ஸ்கூல் யூனிபாரம் பிரித்து அகலப்படுத்துவது, சேலைக்கு ஃபால்ஸ். போகிற வழியில் கொடுத்து வருகிற வழியில் வாங்கும் வேலைகள் இவை. இரண்டாவது மெஷினில் உட்கார்ந்த அம்மாவுக்கு அந்தச் சில்லறைதான் முழுச் சம்பளம். இப்போது மெஷின் ஒன்றுதான் ஓடுகிறது. கடை மூடினால் தெருவுக்கே தெரியும். இந்த மாதிரிப் பாதியாகச் சுருங்குவது யார் கணக்கிலும் வராது.

நடைபாதைக்காரருக்கு மாடியும் கிடையாது. சண்முகம் சாலையில் ஆக்கிரமிப்பு அகற்றம் என்று வண்டி வரும், தராசும் தார்ப்பாயும் போகும், சில நாளில் திரும்பவும் கூடை வரும். 2014-ல் தெரு வியாபாரிகளுக்கென்றே மத்தியச் சட்டம் வந்தது. கணக்கெடுப்பு முடித்துச் சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் நூற்றுக்கு நாற்பது பேருக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், காலம்காலமாக வாங்குவதும் விற்பதும் நடக்கிற இடத்தை இயல்பான சந்தையாக மதிக்க வேண்டும் என்கிறது சட்டம். ரயில் நிலைய வாசலைவிட இயல்பான சந்தை வேறெது? தி.நகர் பாண்டிபஜாரில் நடைபாதை வியாபாரிகளை 2013-ல் ஒரு கட்டடத்துக்குள் அனுப்பினார்கள். 2019-ல் அதே சாலை அகலமான நடைபாதை வளாகமாகத் திறந்தது. நடப்பதற்கு அருமையான இடம். நடப்பவர்களை நம்பிப் பிழைத்தவர்கள் மட்டும் படியேறும் வாடிக்கையாளருக்குக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

தென்சென்னையின் இன்னொரு பக்கத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2015 வெள்ளத்துக்குப் பிறகு நகரத்துக்குள் ஆற்றங்கரையில் இருந்த பல குடும்பங்களைப் பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு மாற்றினார்கள். கண்ணகி நகர், செம்மஞ்சேரி அதற்கும் முந்தியவை. வீட்டு வேலை, பூக்கட்டு, மீன்கூடை என்று பழைய பேட்டையை ஒட்டியே இருந்த பிழைப்பு இருபது கிலோமீட்டருக்கு அப்பால் கூட வராது. மேடவாக்கம் பக்கம் பால்கனியிலிருந்து பார்த்தால் ஒருபுறம் நீச்சல்குள அடுக்ககம், மறுபுறம் அந்த எட்டு மாடிக் கட்டடங்கள். இரண்டையும் உண்டாக்கியது ஒரே நில விலைதான்.

அப்படியானால் என்ன செய்யலாம் என்கிறீர்கள். முகப்பைக் காப்பாற்றினால் போதும் என்று நினைக்கிறவர்கள் சிங்கப்பூரைப் பார்க்கட்டும். லிட்டில் இந்தியாவை 1989-லேயே பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தார்கள், வரிசைக் கடைவீடுகள் வர்ணத்தோடு நிற்கின்றன. வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை 2001-ல் எடுத்துவிட்டார்கள். கட்டடத்துக்குக் காவல் உண்டு, உள்ளே கடை நடத்துகிறவருக்கு இல்லை.

இங்கேயும் 1960-ம் வருஷத்து வாடகைச் சட்டம் போய், 2017-ல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. பழைய சட்டத்தில் ஐம்பது ரூபாய் வாடகையில் ஒட்டிக்கொண்டிருந்தவர்களால் ஓனர்கள் பட்ட பாடும் உண்மைதான். புதிதில் எல்லாம் ஒப்பந்தப்படி. அப்படியென்றால் ஒப்பந்தத்தில் என்ன எழுதுகிறோம் என்பதில்தான் விஷயம். பதினோரு மாசத்துக்குக் கையெழுத்துப் போட்டுப் பழகிவிட்டோம். ஐந்து வருஷம், வருஷத்துக்கு இத்தனை சதவீதம் ஏற்றம் என்று எழுதிப் பதிவு செய்தால், அடுத்தவர் வந்து கதவைத் தட்டினார் என்பதற்காக ஐந்து வருஷத்துக்கு அசைக்க முடியாது. சின்னக் கடையில் வாங்குங்கள் என்று ஸ்டேட்டஸ் போடுவதைவிட இந்த ஒரு தாள் அதிகம் செய்யும்.

உங்கள் அடுக்கக அசோசியேஷன் கூட்டத்தில் இஸ்திரி வண்டி கேட்டுக்கு இடைஞ்சல் என்று பேச்சு வந்ததாகச் சொன்னீர்கள். அந்த வண்டிக்கார அம்மா நிற்பது உங்கள் நிலத்தில் இல்லை, ரோட்டில். துணி தேய்ப்பது மாதிரியான சேவையும் 2014 சட்டத்தில் தெரு வியாபாரம்தான். அடுத்த கூட்டத்துக்கு முன்னால் அவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்: கணக்கெடுப்பில் பெயர் சேர்ந்திருக்கிறதா, தெரு வியாபாரி அட்டை கையில் இருக்கிறதா என்று. இல்லையென்றால் கார்ப்பரேஷன் மண்டல ஆபீசில் மனு கொடுக்க வேண்டும், ஆதாரும் போட்டோவும் தயாராக இருக்கட்டும். வண்டியைக் கேட்டிலிருந்து நாலடி தள்ளி மின்கம்பத்துப் பக்கம் நிறுத்தினால் கார் தாராளமாகத் திரும்பும், நான் பார்த்துவிட்டேன்.